சிறுதானியத்துக்கு மாறியும் மாமியாருக்கு சுகர் ஏறுது, எந்த தானியம்தான் குடுக்கறது?

உறையூர்_மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். என் மாமியாருக்கு 62 வயசு, சுகர் வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்சுலின் கிடையாது, மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. போன தடவை டெஸ்ட் எடுத்ததுல ஹெச்பிஏ1சி, அதான் மூணு மாச சராசரி சுகர காட்டற டெஸ்ட், 8.4 வந்துச்சு. டாக்டர் "அரிசிய குறைங்கம்மா"ன்னு ஒரே வரில சொல்லிட்டு பெல் அடிச்சு அடுத்த ஆள கூப்பிட்டுட்டார். எவ்வளவு குறைக்கணும் அதுக்கு பதிலா என்ன குடுக்கணும் எதுவும் சொல்லல.

சரின்னு நாங்களா வீடியோ எல்லாம் பாத்து வீட்ல அரிசிய அடியோட நிறுத்திட்டோம். இப்ப காலைல ராகி கஞ்சி ஒரு பெரிய டம்ளர், இல்லன்னா சத்துமாவு கஞ்சி. மதியம் சாமை சாதம் இல்ல வரகு சாதம், குழம்பு ஊத்தி வழக்கம்போல. ராத்திரி சப்பாத்தி மூணு நாலு இல்லன்னா கோதுமை ரவை உப்புமா. வெள்ளை சர்க்கரை வீட்லயே இல்ல, கஞ்சில மட்டும் கொஞ்சம் கருப்பட்டி.

இவ்வளவு பண்ணியும் வீட்டு மீட்டர்ல காலைல வெறும் வயித்துல 140 கிட்ட காட்டுது, கஞ்சி குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு பாத்தா 260 தாண்டுது, சாமை சாதத்துக்கு அப்புறம் 220, 230. முன்னாடி இட்லி சாப்பிட்டப்பகூட இவ்வளவு போனதில்ல. மாமியார் வேற தினமும், இந்த கோழித்தீவனத்துக்கு நான் பொன்னி அரிசி சோறே தின்னுட்டு போயிருப்பேனேன்னு ஆரம்பிச்சுடறாங்க, மீட்டர பாத்தா எனக்கும் பதில் சொல்ல வாய் வரல.

பக்கத்து வீட்டு அக்கா கருப்பு கவுனிங்கறாங்க, நாத்தனார் மாப்பிள்ளை சம்பாங்கறா, ஆஃபீஸ்ல எல்லாரும் ஓட்ஸ், மளிகைக்கடைல "சுகர் ஃப்ரீ ரைஸ்"னே ஒரு பாக்கெட் இருக்கு. நிஜமாவே எந்த தானியம் சுகர ஏத்தாது? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

கரண்டிக்கணக்கு:

சிஸ்டர், நான் டயட்டீஷியனா வேலை பாக்கறேன், உங்க கேள்வி தினமும் வர்ற கேள்விதான். சுகர ஏத்தாத தானியம்னு ஒண்ணு கிடையாது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல போட்ட இந்திய உணவு அட்டவணைய எடுத்துப் பாருங்க, 100 கிராம் பச்சையா எடுத்தா தீட்டின அரிசில மாவுச்சத்து 78 கிராம், சாமைல 65, வரகுல 66, ராகில 67, கோதுமை மாவுல 64, கம்புல 62. நார்ச்சத்துலதான் பெரிய வித்தியாசம், அரிசில 3 கிராம்கூட முழுசா இல்ல, சாமைல 7, 8, ராகி கம்பு கோதுமைல எல்லாம் 11 கிட்ட, பார்லில 15. அதாவது மாறினது நல்லதுதான், ஆனா ஒரு தட்டு அரிசிச் சோத்துக்கு பதிலா ஒரு தட்டு சாமைச் சோறுன்னா ரத்தத்துக்கு போற மாவுச்சத்துல பெருசா ஒண்ணும் குறையல. "சிறுதானியம்தானே"ன்னு நிறைய பேரு ஒரு கரண்டி கூடவே வச்சுக்கறாங்க, அங்கதான் கதை முடிஞ்சுடுது.

அடுத்தது கஞ்சி. ராகி எவ்வளவு நல்ல தானியமா இருந்தாலும் அதை நைசா மாவாக்கி, நிறைய தண்ணில கொதிக்க வச்சு, பல்லுக்கு வேலையே இல்லாம மடமடன்னு குடிச்சா வயித்துல நிக்கவே நிக்காது, நேரா ரத்தத்துக்கு போயிடும். சத்துமாவும் அதேதான், அதுல இருபது சாமான் போட்டிருக்குன்னு பேரு, கடைசில எல்லாம் சேர்ந்து ஒரே பவுடர். அது மேல கருப்பட்டி. கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாமே ரத்தத்துக்கு சர்க்கரைதான், "கொஞ்சம்"னு நீங்க சொல்றது எத்தனை ஸ்பூன்னு ஒரு நாள் அளந்து பாருங்க. நாளைக்கே மாத்தணும்னா முதல்ல இந்த கஞ்சி டம்ளர தூக்குங்க.

மதியத்துக்கு அளவு சொல்றேன். வெந்த சாதம் எந்த தானியமா இருந்தாலும் ஒரு சின்ன கப், அதாவது 150 கிராம் சுமார். ஒரு வாரம் தராசுல வச்சு போடுங்க, அப்புறம் கண்ணே பழகிடும். தட்டுல பாதி காய், வெண்டை, அவரை, கோஸ், கீரை, சுரைக்காய் எதுவோ ஒண்ணு, உருளைக்கிழங்க காய் கணக்குல சேக்காதீங்க. கால்வாசி பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இந்த மாதிரி. மிச்ச கால்வாசிலதான் சோறு. நம்ம ஊர்ல குழம்புல மிதக்கற நாலு பருப்ப பாத்துட்டு புரதம் ஆச்சுன்னு நினைச்சுக்கறோம், அது பத்தாது, தனியா ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்போ சுண்டலோ வேணும்.

ராத்திரி சப்பாத்தி நாலுன்னு எழுதியிருக்கீங்க. ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவுன்னா மாவுச்சத்து 20 கிராம் கிட்ட, நாலுக்கு 80. அது ஒண்ணே முக்கால் கப் சோத்துக்கு சமம். கூட உருளைக்கிழங்கு குருமா வேறயா? ரெண்டோட நிறுத்துங்க, பக்கத்துல காயும் முட்டையோ பன்னீரோ வைங்க. ஆனா ஒண்ணு, எல்லா வேளையும் ஒரே நாள்ல குறைக்காதீங்க, ஏன்னு கீழ யாராவது மாத்திரை பத்தி சொல்லுவாங்க.

---

ஒகேனக்கல்_பஸ்:

நான் தருமபுரிங்க, எங்களுக்கு ராகின்னா களிதான், கஞ்சியெல்லாம் காய்ச்சல்காரனுக்கு குடுக்கறது. எங்க மாவட்டத்துலயும் நீலகிரிலயும் 2023லேர்ந்து ரேஷன்லயே அரிசிக்கு பதிலா 2 கிலோ ராகி வாங்கிக்கலாம்னு குடுத்தாங்க, அதனால வீட்ல எப்பவும் இருக்கும். எங்க அப்பாவுக்கும் சுகர். அதே ராகி மாவுல கஞ்சி குடிச்சா ஒரு ரீடிங், களியா சின்ன உருண்டை ஒண்ணு கீரைக் கடைசலோடயோ கொள்ளு மசியலோடயோ சாப்பிட்டா வேற ரீடிங், கஞ்சிக்குதான் எப்பவும் கூட வரும். களி கெட்டி, கூட கொள்ளு இருக்கு, மெதுவாதான் இறங்கும்னு நான் நினைக்கறேன். ஆனா எங்க தாத்தா காலத்து உருண்டை சைஸ் வேண்டாம், அவங்க சாப்பிட்டுட்டு ஏர் ஓட்டப் போனாங்க, நாம சீரியல் பாக்க உக்காருறோம்.

களி கிண்டும்போது நொய்யரிசி போடுவாங்க எங்க ஊர்ல, அதை குறைச்சுட்டு மாவு கொஞ்சம் கொரகொரப்பா அரைச்சு வாங்குங்க. ராகி இட்லி ராகி தோசையெல்லாம் நைஸ் மாவு பண்டம்தான், அதுக்கும் அளவு உண்டு.

---

காவேரிக்கரை_அரிசிக்கடை:

நான் கும்பகோணம் பக்கம், அரிசி சிறுதானியம் ரெண்டும் விக்கிறேன், அதனால வியாபாரத்துக்கு விரோதமா ஒரு விஷயம் சொல்றேன் கேட்டுக்கம்மா. நீ வாங்கற சாமை என்ன கலர்? பளிச்சுனு வெள்ளையா இருந்தா அது பாலிஷ் போட்ட சாமை. சாமை, வரகு, குதிரைவாலி, திணை, பனிவரகு இதுக்கெல்லாம் மேல உமி இருக்கு, உமிய எடுத்தாதான் சாப்பிட முடியும். உமிய எடுக்கறது கோட்ட கழட்டறது, அதுக்கு கீழ இருக்கற தவிட்டையும் சேத்து தீட்டறது சட்டையையும் கழட்டறது. நார்ச்சத்து எல்லாம் அந்த சட்டையிலதான். தீட்டாம வச்சா தவிட்டு எண்ணெய் காறிப்போகும், வண்டு வரும், கடைல மாசக்கணக்குல வைக்க முடியாது, சமைக்கவும் நேரமாகும், வாங்கறவங்களும் "என்னங்க இது மங்கலா இருக்கு"ன்னு வேண்டாம்பாங்க, அதனால மில்லுலயே தீட்டி அனுப்பறாங்க. தீட்டின குதிரைவாலிக்கும் பச்சரிசிக்கும் சுகர் விஷயத்துல பெரிய தூரம் இல்லம்மா. தீட்டாததுன்னா லேசா பழுப்போ சாம்பலோ ஓடும், கையில தேய்ச்சா கொஞ்சம் மாவு ஒட்டும், கம்மியா வாங்கி சீக்கிரம் தீத்துடணும். ராகி, கம்பு, சோளம் மூணுக்கும் அந்த மாதிரி உமி கிடையாது, முழுசா வாங்கி நீயே மெஷின்ல குடுத்து அரைச்சுக்கலாம், ஏமாற வழி கம்மி.

இப்ப கவுனி, மாப்பிள்ளை சம்பா, காட்டுயானம். எல்லாம் நல்ல அரிசி, தவிடோட வருது, மென்னு தின்னணும், கொஞ்சத்துலயே வயிறு நிறையும், இதெல்லாம் நிஜம். சுகர் வியாதிய குணமாக்கும்னு பாக்கெட்டுல எழுதறாங்க பாரு, அது விலைய ஏத்தறதுக்கு எழுதறது. கிலோவுக்கு அந்த விலை குடுத்துட்டு கவுனி அரிசில வெல்லம் தேங்காய்ப்பால் போட்டு பாயசம் வச்சு திங்கறவங்கள எனக்கு தெரியும்.

"சுகர் ஃப்ரீ ரைஸ்"ங்கறது பேரே தப்பு, சர்க்கரையா மாறாத அரிசி உலகத்துல கிடையாது. குறைஞ்ச ஜிஐ, அதாவது சுகர மெதுவா ஏத்தற ரகங்கள் இருக்கு, தெலங்கானா சோனான்னு ஆர்என்ஆர் 15048, ஹைதராபாத்ல வந்த மேம்படுத்தின சம்பா மசூரி, இதுக்கெல்லாம் ஜிஐ 51 கிட்டன்னு சொல்றாங்க, 55க்கு கீழன்னா குறைவு, 70க்கு மேல அதிகம். ஆனா அந்த நம்பர் குறிப்பிட்ட அளவு மாவுச்சத்த குடுத்துப் பாத்து வர்ற நம்பர், நீ ரெண்டு தட்டு சாப்பிட்டா 51 உன்ன காப்பாத்தாது. எங்க கடைல உன் மாமியார் வந்து நின்னா புழுங்கல் அரிசிய குடுத்து அளவா சாப்பிடு ஆத்தான்னு அனுப்பிடுவேன். நெல்லையே ஊற வச்சு அவிச்சு காய வச்சு அரைக்கறதால மாவு கொஞ்சம் இறுகி, பச்சரிசிய விட மெதுவா ஜீரணமாகும். குழைய வடிக்காம பதமா வடிக்கணும், அது முக்கியம்.

---

இயற்கையே_மருந்து:

ஏன் இப்படி எல்லாரும் சிறுதானியத்த மட்டம் தட்டறீங்க? நம்ம முன்னோர்கள் அதைத்தான் சாப்பிட்டாங்க, யாருக்கும் சுகர் இல்ல. ஐநாவே 2023ஐ சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சது. மூணு வேளையும் சிறுதானியம் சாப்பிட்டா மாத்திரையே தேவையில்ல. சிஸ்டர் நம்பிக்கையோட தொடர்ந்து குடுங்க, 260 எல்லாம் உடம்பு பழகற வரைக்கும்தான்.

---

கரண்டிக்கணக்கு:

ஐயா, சிறுதானியத்த யாரும் மட்டம் தட்டல. தண்ணி கம்மியா வேணும், ராகில கால்சியம் 100 கிராமுக்கு 350 மில்லிகிராமுக்கு மேல, நார்ச்சத்து அதிகம், இதெல்லாம் இருக்கு. ஆனா "260 பழகற வரைக்கும்"ங்கறத மட்டும் தயவுசெஞ்சு யாரும் எடுத்துக்காதீங்க. உடம்பு 260க்கு பழகறதுன்னா கண்ணும் கிட்னியும் கால் நரம்பும் கெட்டுப்போறதுன்னு அர்த்தம்.

ஐசிஎம்ஆர் - இண்டியாப் ஆய்வு தெரிஞ்சிருக்கும், நாட்டுல 10.1 கோடி பேருக்கு சுகர்னு 2023ல சொன்னாங்களே அதே ஆய்வு, சென்னை டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் சேர்ந்து பண்ணது. அதோட உணவு பத்தின பகுதி 2025ல நேச்சர் மெடிசின்ல வந்துச்சு. நம்ம ஜனங்க சாப்பிடற கலோரில 62 சதவீதம் மாவுச்சத்துலேர்ந்தே வருது. தீட்டின அரிசிக்கு பதிலா அரைச்ச கோதுமை மாவோ சிறுதானிய மாவோன்னு மாத்தி மட்டும் பாத்தா சுகர் வர்ற ரிஸ்க் குறைஞ்ச மாதிரி தெரியல, மொத்த கலோரில 5 சதவீதத்த மாவுச்சத்துலேர்ந்து எடுத்துட்டு அந்த இடத்துல பருப்பு, பால், முட்டை, மீன் புரதம் வச்சா குறையுது. உறையூர் சிஸ்டர் வீட்ல நடக்கறதும் இதேதான், தானியம் மாறியிருக்கு, தட்டு மாறல.

முன்னோருக்கு சுகர் இல்லன்னு சொல்றதுக்கு அப்ப மீட்டர் வச்சு யாரும் பாக்கல. அதோட அவங்க திணைய உரல்ல குத்தினாங்க, அந்த வேலையே பாதி மருந்து.

---

நைட்ஷிஃப்ட்_அக்கா:

நான் ஸ்டாஃப் நர்ஸ். மாத்திரை விஷயம் சொல்லணும்னுதான் லாகின் பண்ணேன். கிளிமிபிரைடு இருக்குன்னு சொன்னீங்கல்ல, அது சாப்பாடு வந்தாலும் வராட்டியும் இன்சுலின சுரக்க வைக்கற மாத்திரை. நேத்து வரைக்கும் டம்ளர் கஞ்சி, நாலு சப்பாத்தின்னு இருந்தவங்க திடீர்னு பாதியாக்கிட்டா அதே மாத்திரை டோஸுக்கு சுகர் கீழ போயிடும். வேர்த்துக் கொட்டறது, கை நடுக்கம், படபடப்பு, பேச்சு குழறறது, காரணமில்லாம எரிஞ்சு விழறது, இப்படி இருந்தா உடனே மீட்டர்ல பாருங்க, 70க்கு கீழன்னா 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூணு டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர் தண்ணில கலக்கி குடுத்துட்டு கால் மணி நேரம் கழிச்சு மறுபடி பாக்கணும், ஏறலன்னா திரும்ப குடுக்கணும். மயங்கி நினைவில்லாம இருந்தா வாய்ல எதையும் ஊத்தக்கூடாது, 108தான். இன்னொண்ணு, மாத்திரை அட்டைய திருப்பிப் பாருங்க, சர்க்கரை ஜீரணமாகறத மெதுவாக்கற வோக்லிபோஸ்னு மருந்தும் சேர்ந்திருந்தா அந்த நேரத்துல வீட்டு சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ் பவுடரேதான் வேணும், ஒரு டப்பா வாங்கி அலமாரில வைங்க.

அதனால அளவ குறைக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட போய் "நாங்க சோத்த பாதியாக்கப் போறோம், மாத்திரை இதே டோஸா"ன்னு இந்த ஒரு கேள்விய கேளுங்க. பெல் அடிச்சா அடிக்கட்டும், நீங்க எழுந்திரிக்காதீங்க. அப்படியே கிட்னி டெஸ்டான கிரியாட்டினினும், யூரின்ல ஆல்புமினும் எப்ப பாத்ததுன்னு கேளுங்க. பத்து வருஷ சுகர், கிட்னில ஏதாவது ஆரம்பிச்சிருந்தா பருப்பு சுண்டல்னு புரதத்த இஷ்டத்துக்கு ஏத்த முடியாது, தவிடோட இருக்கற தானியத்துலயும் பொட்டாசியம் பாஸ்பரஸ் பாக்கணும். தைராய்டு இருக்கறவங்க தினமும் கம்பே சாப்பிடறதும் வேண்டாம், மாத்தி மாத்தி சாப்பிடலாம்.

---

மீட்டர்_மாமா:

நானும் சர்க்கரைக்காரன்தான், ரிட்டயர் ஆனவன், அதனால பொழுதுபோக்கே ஊசி குத்தறதுதான். மருமகளே, ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரி, நான் சொல்றதையோ அந்த டயட்டீஷியன் அம்மா சொல்றதையோ விட உங்க மீட்டர் சொல்றத நம்புங்க. ஒரு நாளைக்கு ஒரு வேளைய மட்டும் எடுத்துக்குங்க. சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு தடவை, முதல் வாய் வச்சதுலேர்ந்து ரெண்டு மணி நேரத்துல ஒரு தடவை. சாப்பிட்டு முடிச்சதுலேர்ந்து இல்ல, ஆரம்பிச்சதுலேர்ந்து. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த காலண்டர்ல எழுதுங்க, பக்கத்துல என்ன சாப்பிட்டோம், எவ்வளவு சாப்பிட்டோம். ரெண்டு மணி நேர கணக்கு 180க்குள்ள இருந்தா பொதுவா சரிங்கறாங்க, வயசானவங்களுக்கு டாக்டர் கொஞ்சம் விட்டும் குடுப்பார். ஸ்ட்ரிப் விலைக்கு தினமும் எல்லா வேளையும் பாக்க முடியாது, தேவையும் இல்ல.

இன்னொரு சமாச்சாரம், வரிசை. முதல்ல காய், சுண்டல், முட்டை எதுவோ அதை சாப்பிட்டுட்டு கடைசில சோத்துக்கு வந்தா அதே சோறுக்கு சுகர் குறைவா ஏறுது, இது வெளிநாட்டுல பரிசோதனை பண்ணியும் பாத்திருக்காங்க. எங்க வீட்ல முதல்ல எல்லாரும் சிரிச்சாங்க, பொரியல வெறுமனே திங்கறியேன்னு. அப்புறம் சாப்பிட்டுட்டு பத்து பதினஞ்சு நிமிஷம் மொட்டை மாடில நடக்கறேன்.

ஓட்ஸ் கேட்டீங்க. சுடுதண்ணி ஊத்தினா ரெண்டு நிமிஷத்துல ரெடியாகற மசாலா ஓட்ஸ் உப்பு மூட்டை, அதோட மெலிசா நசுக்கி வச்சிருக்கறதால சீக்கிரம் கரைஞ்சுடும். உடைச்ச ஓட்ஸ், ஸ்டீல் கட்னு விக்கறது மெதுவா ஏறும், ஆனா விலை. அதுக்கு நம்ம பார்லி மோசமில்ல, ஊற வச்சு குக்கர்ல விட்டு சாம்பார்ல போட்டுப் பாருங்க, சோறு மாதிரியே மெல்லலாம். எல்லாருக்கும் பிடிக்காது, எங்க வீட்டம்மாவுக்கு பிடிக்கல.

---

உறையூர்_மருமகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேரு எழுதுவீங்கன்னு நினைக்கல. போய் டப்பாவ பாத்தேன், அரிசிக்கடை அண்ணா சொன்ன மாதிரியே சாமை வெள்ளை வெளேர்னு இருக்கு. மாத்திரை அட்டைல வோக்லிபோஸ் இல்ல, ரெண்டுதான். வர்ற சனிக்கிழமை டாக்டர பாக்கப் போறோம், நர்ஸ் அக்கா சொன்ன கேள்விய எழுதி வச்சுக்கிட்டேன், அதுவரைக்கும் கருப்பட்டிய மட்டும் நிறுத்தறேன்.

மாமியார்கிட்ட புழுங்கல் அரிசி சோறு ஒரு கப் கிடைக்கும்னு சொன்னதும் முகமே மாறிடுச்சு, ஒரு கப்புங்கறத காதுல வாங்கிக்கல அது வேற விஷயம். ஆனா காலைல கஞ்சிக்கு பதிலா என்ன பண்றதுன்னுதான் தெரியல. அவங்களுக்கு பல் கொஞ்சம் வீக், சுண்டல் எல்லாம் கடிக்க கஷ்டம். இட்லி சுத்தமா கூடாதா?

---

கரண்டிக்கணக்கு:

இட்லி கூடாதுன்னு யார் சொன்னா? ரெண்டு இட்லி, ஒரு பெரிய கிண்ணம் காய் போட்ட சாம்பார், முடிஞ்சா ஒரு அவிச்ச முட்டை. மாவு அரைக்கும்போது நாலுக்கு ஒண்ணு உளுந்து போடறத மூணுக்கு ஒண்ணா ஏத்துங்க, இட்லியும் பூ மாதிரி வரும், பல்லுக்கும் சுகம். சட்னி தேங்காயே அரைக்காம கொத்தமல்லி புதினா மாத்தி மாத்தி வைங்க. பல் வீக்னா பச்சைப்பயறு தோசை நல்லது, ராத்திரி ஊற வச்சு காலைல இஞ்சி பச்சமிளகாய் சீரகத்தோட அரைச்சு அப்படியே ஊத்தலாம், புளிக்க வைக்கற வேலையே இல்ல. ஒரு கைப்பிடி அரிசி சேத்தா மொறுமொறுன்னு வரும், சேக்காட்டி மெத்துனு வரும், அவங்களுக்கு மெத்துனுதான் வேணும்.

---

காவேரிக்கரை_அரிசிக்கடை:

அடையும் போடும்மா. சாமை ஒரு பங்கு, கடலைப்பருப்பு துவரம்பருப்பு உளுந்து மூணும் சேத்து ரெண்டு பங்கு, மொளகா பெருங்காயம் போட்டு கொஞ்சம் நைசாவே அரைச்சுக்க, முருங்கைக்கீரைய உருவிப் போட்டு மெல்லிசா ஊத்து, பல்லு இல்லாதவங்களும் சாப்பிடுவாங்க. அந்த வெள்ளை சாமைய தூக்கிப் போடாத, இந்த அடைக்கு போட்டு தீத்துடு. அடைக்கு வெல்லம் மட்டும் தொட்டுக்க வைக்காத.